வயலின் முகப்பில் தெரியும் மரத்தின் வயது

என் வயலினில் மேல்பலகையின் ஓரம் ஒட்டு விட்டு, தாழ்ந்த தந்தியைத் தொட்டாலே கரகரவென்று அதிர ஆரம்பித்தது. வயலின் பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோனேன். “ஒட்டு விட்டது நல்லதுதான்” என்றார் அவர். தோலிலிருந்து காய்ச்சிய பசையில் ஒட்டுவார்களாம். காற்று வறண்டால் மரம் குறுக்குவாட்டில் சுருங்கும். அந்த இழுப்பில் பசை விட்டுக்கொடுத்தால்தான் பலகை வெடிக்காமல் தப்பும். புதுப் பசை தடவிக் கவ்வி போட்டு வைத்தார். அந்த வேலை அவ்வளவுதான்.

அது காய்வதற்குள் வயலின் மேல்பலகைக்கான ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரத்தில், இன்னும் செதுக்காத இரண்டு பலகைகளைக் கொடுத்து, விரல் நுனியில் தொங்கவிட்டுத் தட்டச் சொன்னார். ஒன்று ‘டொக்’ என்று அடங்கிவிட்டது. இன்னொன்று தட்டிய பிறகும் ரீங்கரித்துக்கொண்டே இருந்தது! அளவு ஏறக்குறைய ஒன்றுதான், ஆனால் பாடிய பலகை கையில் லேசாக இருந்தது. தந்தி மட்டும் அதிர்ந்தால் சத்தம் மிக மெல்லியது. தந்திகளைத் தாங்கி நிற்கும் ‘குதிரை’ என்ற சிறு மரத்துண்டு வழியாக அதிர்வு இறங்கி, பலகை காற்றை அசைத்தால்தான் நமக்கு நாதம். அதற்குப் பலகை லேசாகவும் இருக்க வேண்டும், விறைப்பாகவும் இருக்க வேண்டும். ஸ்ப்ரூஸின் பெருமையே அதுதான். அதன் இழையின் போக்கில் ஒலி நொடிக்குச் சுமார் 5,000 மீட்டர் ஓடும். காற்றில் 340 தான்.

அப்புறம் என் வயலினையே வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டினார். மேலிருந்து கீழாக இழைத்த மெல்லிய கோடுகள், கோட்டுக்கு ஒரு வருடம். வெளிர்ந்த பட்டை வசந்தத்தில் வேகமாக வளர்ந்தது, அடர்ந்த கோடு கோடையின் கடைசியில் மெதுவாக வளர்ந்தது. குளிர்ந்த மலைச்சரிவில் மெல்ல வளர்ந்த மரம் என்றால் கோடுகள் நெருக்கமாக, சீராக இருக்கும். ஆப்பு வடிவில் வெட்டிய ஒரே மரத்துண்டைப் பிளந்து புத்தகம் மாதிரி விரித்து ஒட்டுவதால், பெரும்பாலும் மரப்பட்டைப் பக்கம் நடுவில் வந்துவிடும். குதிரை நிற்கும் இடம் மரத்தின் கடைசி வருடங்கள், ஓரங்கள் அதன் இளமை. இந்தக் கோடுகளை வைத்துத்தான் பழைய வயலின்களின் காலத்தையும் சரிபார்க்கிறார்கள். பலகையின் கடைசி வளையத்துக்கு முந்தைய வருடத்தில் அந்த வயலின் பிறந்திருக்க முடியாது.

வில்லின் கதைதான் வருத்தம். நல்ல வில் செய்யப் பயன்படும் பெர்னாம்புகோ மரம் பிரேசிலின் அட்லாண்டிக் கரைக் காடுகளில் மட்டுமே இயற்கையாக வளர்வது. சாயத்துக்காக நூற்றாண்டுகளாக வெட்டி, காடும் சுருங்கி, 2007-இல், அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தப் பட்டியலில் சேர்ந்தது. வில் செய்பவர்களே கன்று நட உதவுகிறார்கள். புதிதாகக் கற்பவர்கள் கார்பன் ஃபைபர் வில்லில் தொடங்கலாம், கைக்கு ஒரு குறையும் வராது.