சூட்டீன் வீடுகளை ஏன் இப்படி ஆட்டி வரைந்தார்?

மைக்கூடு:
போன வாரம் பாரிஸில் ஓராஞ்சரி மியூசியம் போயிருந்தேன். எல்லாரும் மேலே மோனே வரைஞ்ச அல்லிக்குளப் படங்கள் முன்னாடி நிக்க, நான் கீழ்த்தளத்துல ஹைம் சூட்டீன்ங்கிற ஓவியர்கிட்ட மாட்டிக்கிட்டேன். ஒரு படத்துல வீடுகளெல்லாம் புயல்ல சிக்கின தென்னை மாதிரி ஆடுது. இன்னொண்ணுல தொங்குற மாட்டுக்கறி. மூணு நாளா கண்ணை விட்டுப் போகலை. போதையில வரைஞ்சாரா மனுஷன்?

பழந்தூரிகை:
போதையை விடுங்க. இவர் எதிரே பொருள் இல்லாம தூரிகையைத் தொடாத ஆள். இப்போ பெலாரஸ்ல இருக்கிற மின்ஸ்க் பக்கத்துல ஸ்மிலோவிச்சின்னு ஒரு ஊர், ஏழை யூதத் தையற்காரர் வீடு, பதினோரு பிள்ளைகள்ல பத்தாவது. 1893-ல பிறந்து 1913-ல பாரிஸ் வந்தார். ஓவியர் மோதிக்லியானி இவருக்கு நண்பர், தன் ஓவிய வியாபாரி ஸ்போரோவ்ஸ்கியிடம் இவரைச் சேர்த்துவிட்டதும் அந்த மோதிக்லியானிதான். அந்த வியாபாரி 1919-ல தெற்கு பிரான்ஸ்ல, பிரனீஸ் மலையடிவாரத்துல இருக்கிற செரே ஊருக்கு இவரை அனுப்பினார். நீங்க பார்த்த மாதிரி ஆடுற வீடுகளும் மரங்களும் அவர் அங்கே வரைஞ்சவைதான். பிற்பாடு அவருக்கே அந்தக் காலத்துப் படங்கள் பிடிக்காம, தேடித் தேடிக் கிழிச்சார். எனக்கு அதுதான் ஆறவே இல்லை.

கறிக்கடைப் பையன்:
மாட்டைப் பத்தி நான் சொல்றேன், எங்களுக்கு மூணு தலைமுறையா கறிக்கடை. பாரிஸ் லூவர் மியூசியத்துல பழைய டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் வரைஞ்ச உரிச்ச மாட்டுப் படத்தைப் பார்த்துட்டு, 1925 வாக்குல இவர் முழு மாட்டையே ஸ்டூடியோவுல தொங்கவிட்டார். உரிச்ச மாடு காத்துப் பட்டா ஒரே ராத்திரியில காஞ்சு கறுத்துடும். நாங்க ஈரத்துணி போடுவோம், இவர் ரத்தத்தை வாங்கி ஊத்தியிருக்கார்! நாத்தம் தாங்காம அக்கம்பக்கத்துல புகார் பண்ண, சுகாதார ஆளுங்க வந்துட்டாங்க. ஆனா அந்தச் சிவப்பு இருக்கே, அது வெட்டின சூட்டுல இருக்கிற சிவப்பு. நேர்ல பார்க்காம வராதுங்க.

மைக்கூடு:
அப்போ கறிப்பிரியரோ?

பழந்தூரிகை:
எங்கே! தீராத வயிற்றுப்புண். 1922-23-ல பார்ன்ஸ்னு ஒரு அமெரிக்கர் ஐம்பதுக்கு மேல படம் வாங்கினதும் கையில காசு வந்துச்சு, வயிறு மட்டும் சரியாகலை. ஜெர்மன்காரங்க பிரான்ஸைப் பிடிச்சப்போ யூதர்ங்கிறதால கிராமங்கள்ல ஒளிஞ்சிருந்தார். புண் வெடிச்சுது. நாஜிக்கள் கண்ணுல படாம சுத்துவழியா பாரிஸ் கொண்டுவந்து அறுவை செஞ்சும் பிழைக்கலை. 1943 ஆகஸ்ட் 9. கல்லறை மோன்பர்னாஸ்ல இருக்கு.

கறிக்கடைப் பையன்:
மைக்கூடு அண்ணே, மறுபடி பிரான்ஸ் போனா கிரனோபிள் மியூசியத்துலயும் எட்டிப் பாருங்க. உரிச்ச மாடு ஒண்ணு அங்கேயும் இருக்கு. போன்ல பெரிசாக்கிப் பார்த்து எனக்குக் கண்ணு வலிக்குது, கொழுப்பு எந்த மஞ்சள்னு நேர்ல பார்த்துச் சொல்லுங்க.