பில்ட்-இன் மைக்ரோவேவா, ஷெல்ஃபில் சாதாரண மைக்ரோவேவா?

புதுவீடு:
பெரும்பாக்கத்தில் வாங்கிய ஃபிளாட்டில் மாடுலர் கிச்சன் வேலை தொடங்கப்போகிறது. சின்ன சமையலறை, 8 அடிக்கு 7 அடி. ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில் 60 செ.மீ. அகலத்துக்கு டால் யூனிட் (தரையிலிருந்து எழும் உயரமான அலமாரி) போட்டு, அதில் கன்வெக்‌ஷன் (கேக் சுடும் வசதி) உள்ள பில்ட்-இன் மைக்ரோவேவைப் பொருத்தலாம், மேடையில் இடம் மிச்சம் என்கிறார் டிசைனர். சாதாரண மைக்ரோவேவை விட மூன்று மடங்கு விலை எதற்கு என்கிறார் என் கணவர். அதிகம் பயன்படுத்தப்போவது மாமியார்தான். எழுபதைத் தாண்டியவர், உயரம் 4 அடி 10 அங்குலம். பால், சாதம், குழம்பு சூடு பண்ணுவது தினசரி வேலை. கேக் எப்போதாவது. எதை வாங்கலாம்?

மரத்தூள்:
கோவையில் மாடுலர் கிச்சன் வேலை எடுத்துச் செய்கிறேன். நான் உங்கள் கணவர் பக்கம். நல்ல பிளைவுட்டில் செய்த டால் யூனிட் பதினைந்து, இருபது வருடம் நிற்கும். மைக்ரோவேவ் அவ்வளவு காலம் ஓடாது. அது போன பிறகு உங்களுக்குப் பிடித்த மெஷினை வாங்க முடியாது, அந்த ஓட்டைக்குள் நுழைகிற மெஷினைத்தான் தேட வேண்டும். பழைய மாடல் கடையில் இருக்காது. புதியதன் முன்சட்டம் கொஞ்சம் சிறியதாக இருந்தால் சுற்றிலும் சந்து தெரியும். அதை மறைக்க மரப்பட்டி அடித்துத் தரச்சொல்லி என்னைக் கூப்பிடுகிறவர்கள் நிறைய.

அறுசுவை:
சார், ஷெல்ஃபில் வைப்பது மட்டும் பாதுகாப்பா? சாதாரண மைக்ரோவேவின் கையேட்டைப் பிரித்துப் பாருங்கள். பல மாடல்களுக்கு மேலே 20 செ.மீ., பின்னால் 10 செ.மீ. காலியாக விடச் சொல்லியிருக்கும். கதவு போட்ட அலமாரிக்குள் வைக்கவே கூடாது என்றும் இருக்கும். நம் ஊரில் யார் விடுகிறார்கள்? மெஷினை அளந்து, அதற்குச் சரியாக ஒரு பெட்டி அடித்துச் சொருகிவிடுகிறார்கள். வெப்பக் காற்று வெளியேற வழியில்லை. மேல்தட்டின் லேமினேட் உப்பிப் பிரிகிறது, மெஷின் சூடேறித் தானாக நின்றுவிடுகிறது. பில்ட்-இன் மெஷினில் காற்று எந்த வழியாக உள்ளே வந்து எந்த வழியாக வெளியே போக வேண்டும் என்பதை யோசித்தே செய்திருக்கிறார்கள்.

அப்புறம் அந்த ஓட்டை. 60 செ.மீ. கேபினெட் என்பது ஐரோப்பிய அளவு. உள்ளே 56 செ.மீ. அகலம். போஷ், சீமென்ஸ், ஃபேபர், எலிகா என்று எதை எடுத்தாலும் அந்த அகலத்துக்கு மாடல் கிடைக்கும்.

மரத்தூள்:
அகலம் சரி. உயரமும் ஆழமும்? 25 லிட்டர் பில்ட்-இன் மைக்ரோவேவுக்குப் பெரும்பாலும் 38 செ.மீ. உயர இடம் போதும். 44 லிட்டர் வகைக்கு 45 செ.மீ. வேண்டும், ஆழமும் 55 செ.மீ. வேண்டும். இன்று 38-க்கு வெட்டிவிட்டால் நாளைக்குப் பெரியது நுழையாது. 45-க்கு வெட்டிவிட்டுச் சின்னதுக்கு மாறினால் பட்டிதான் அடிக்க வேண்டும். ஷெல்ஃபில் காற்றோட்டம் இல்லை என்றால் அது பெட்டி அடித்தவர் செய்த தப்பு. மெஷினைக் குறை சொல்லாதீர்கள்.

மின்கம்பி:
ரிப்பேர் வேலை செய்கிறவன் என்ற முறையில் நானும் சொல்லிவிடுகிறேன். 900 வாட் என்று அட்டையில் போட்டிருப்பது உணவுக்குப் போய்ச் சேரும் சக்தி. லைனிலிருந்து அது 1,400 வாட் அளவுக்கு இழுக்கும். பெரிய கன்வெக்‌ஷன் வகைகளில் சில 3,000 வாட்டையும் தாண்டும். 230 வோல்ட்டில் அது 13 ஆம்பியருக்கு மேல். ஆகவே 16 ஆம்பியர் பாயின்ட்டும் தனி லைனும் தனி எம்சிபியும் (லோடு கூடினால் தானாக விழும் சுவிட்ச்) கட்டாயம். மிக்ஸிக்குப் போட்ட பாயின்ட்டில் எக்ஸ்டென்ஷன் இழுக்காதீர்கள்.

அந்தப் பாயின்ட்டை மெஷினுக்கு நேர் பின்னால் வைக்கக் கூடாது. ப்ளக்கே சில செ.மீ. இடத்தைத் தின்றுவிடும், மெஷின் முழுதாக உள்ளே போகாமல் முன்னால் துருத்தி நிற்கும். பக்கத்துக் கேபினெட்டில், கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். ஏதாவது தீய்ந்த வாசனை வந்தால் உடனே அணைக்க முடிய வேண்டும்.

பில்ட்-இன் பழுதானால் திருகைக் கழற்றி வெளியே எடுக்கவே இரண்டு பேர் வேண்டும். பெரிய வகை 35 கிலோ கூட இருக்கும். சாதாரண 20 லிட்டர் மெஷினை நீங்களே ஆட்டோவில் வைத்துக் கடைக்குக் கொண்டுபோகலாம். கழற்றுகிற ஆள் தெரிந்தவராக இருக்கட்டும், தயவுசெய்து கார்ப்பெண்டரைத் திறக்கவிடாதீர்கள். ப்ளக்கை உருவிய பிறகும் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டரில் உயிரைப் பறிக்கும் அளவுக்கு மின்சாரம் தங்கியிருக்கலாம்.

கரப்பான் பூச்சியையும் மறக்காதீர்கள். சர்க்யூட் போர்டின் கதகதப்பு அதற்குப் பிடிக்கும். மேடையில் இருந்தால் நகர்த்தித் துடைத்துவிடலாம், பில்ட்-இன்னில் பின்பக்கம் கண்ணிலேயே படாது.

தாம்பரம் அம்மா:
நானும் எழுபதைத் தாண்டியவள், அதனால் அந்த மாமியாருக்காகப் பேசுகிறேன். விலை, ஓட்டை எல்லாம் இருக்கட்டும். அந்த மெஷினை எந்த உயரத்தில் வைக்கப்போகிறார்கள்? என் மகன் வீட்டில் அழகுக்காகக் கண் மட்டத்தில் வைத்திருக்கிறார்கள். அவன் கண் மட்டம், என்னுடையது இல்லை. கொதிக்கிற பாலைத் தலைக்கு மேலிருந்து இறக்க வேண்டும். முகத்தில் கொட்டினால் என்ன ஆகும் என்று டிசைனரைக் கேளுங்கள்.

அறுசுவை:
அம்மா சொல்வதை அப்படியே ஏற்கிறேன். அமெரிக்காவின் தேசிய சமையலறை, குளியலறைச் சங்கம் இதற்கு ஒரு வழிகாட்டுதல் வைத்திருக்கிறது. அதிகம் பயன்படுத்துகிறவரின் தோளுக்கு 3 அங்குலம் கீழே மெஷினின் அடிப்பகுதி இருக்க வேண்டும், எப்படியும் தரையிலிருந்து 54 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. 4 அடி 10 அங்குல உயரம் உள்ளவருக்குத் தோள் 120 செ.மீ. அளவில் வரும். அப்படியானால் அடிப்பகுதி 110-க்கு மேல் போகவே கூடாது, 95 இன்னும் நல்லது. டால் யூனிட்டில் இந்த உயரத்தை நாம் விரும்பியபடி வைக்கலாம், அதுவே என் கட்சிக்கு ஒரு பலம்.

தாம்பரம் அம்மா:
இறக்கிய பாத்திரத்தை எங்கே வைப்பது?

மரத்தூள்:
அம்மா கேட்டதுதான் சரியான கேள்வி. பெரும்பாலான மெஷின்களில் கதவு இடப்பக்கக் கீலில் திறக்கும். மேடை இடப்பக்கம் இருந்தால், திறந்த கதவு உங்களுக்கும் மேடைக்கும் நடுவில் சுவர் மாதிரி நிற்கும். கொதிக்கிற கிண்ணத்தோடு அதைச் சுற்றிப் போக வேண்டும். கீழ்நோக்கித் திறக்கும் கதவென்றால் குள்ளமானவர்கள் அதைத் தாண்டி எட்டி எடுக்க வேண்டும், அது இன்னும் மோசம். புதுவீடு மேடம், உங்கள் டால் யூனிட்டுக்கு ஒரு பக்கம் ஃப்ரிட்ஜ். இன்னொரு பக்கம் என்ன?

புதுவீடு:
டிசைனர் கொடுத்த படத்தைப் பார்த்தேன். வலப்பக்கம் ஃப்ரிட்ஜ், இடப்பக்கம் மேடை. மெஷினின் அடிப்பகுதி 135 செ.மீ. உயரத்தில். கீழே பெரிய டிராயர்கள் வேண்டும் என்று மேலே தூக்கிவிட்டார்.

மரத்தூள்:
படத்தை மாற்றச் சொல்லுங்கள். டால் யூனிட்டில் 56 செ.மீ. அகலம், 50 செ.மீ. உயரத்துக்குத் திறந்த மாடம் விடுங்கள். கதவு வேண்டாம், முதுகுப் பலகையும் வேண்டாம். 20 லிட்டர் மெஷின் சுமார் 45 செ.மீ. அகலம், 26 செ.மீ. உயரம் இருக்கும். மேலே 20-க்கு மேல் காலி, பக்கத்துக்கு 5, யூனிட் 58 செ.மீ. ஆழம் என்பதால் பின்னாலும் தாராளம். அறுசுவை கேட்ட காற்றோட்டம் அத்தனையும் இதிலேயே கிடைக்கிறது. பின்னாளில் பில்ட்-இன் தான் வேண்டும் என்றால் தட்டை ஏற்றி இறக்கி அதையும் வைக்கலாம்.

அறுசுவை:
வாங்கும் மெஷினின் கையேடு அதற்கு ஒத்துக்கொண்டால் சரி. வீட்டில் வேறு யாராவது அடிக்கடி கேக், டிக்கா செய்வார்களென்றால் 44 லிட்டர் பில்ட்-இன்னுக்குத்தான் இன்னமும் என் ஓட்டு. வேலையும் சுத்தம், மேடையும் காலி.

மின்கம்பி:
பால் சுட வைக்க எதற்கு 44 லிட்டர்? மெஷின் எதுவானாலும் மாமியார் எவர்சில்வர் டம்ளரை உள்ளே வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அலை உலோகத்தைத் துளைக்காது, ஓரத்தில் பொறியும் பறக்கலாம். நான்கு பீங்கான் கப் வாங்கிக் கைக்கு எட்டும் இடத்தில் அடுக்கி வையுங்கள், மெஷினின் மேல் வேண்டாம். இன்னொன்று, தொடுதிரை வேண்டாம், திருகுகிற குமிழ் உள்ளதாகப் பாருங்கள். கண்ணாடி போடாமலே இயக்கலாம்.

புதுவீடு:
மாமியாரிடம் காட்டினேன், குமிழ் உள்ளதுதான் வேண்டும் என்றுவிட்டார். திறந்த மாடமும் 20 லிட்டர் சாதாரண மெஷினும் என்று முடிவு செய்திருக்கிறோம். அடிப்பகுதி 95 செ.மீ. உயரத்தில். டால் யூனிட்டை மேடைக்கு இடப்பக்கம் வருமாறு எதிர்ச்சுவருக்கு மாற்றச் சொல்லியிருக்கிறேன். 16 ஆம்பியர் பாயின்ட் பக்கத்துக் கேபினெட்டில். கேக்குக்கு ஒரு சின்ன ஓடிஜி (மின்சார அவன்) வாங்கி லாஃப்டில் வைத்துக்கொள்கிறோம். திருத்திய படம் வந்ததும் இங்கே போடுகிறேன், பிளைவுட் வெட்டுவதற்கு முன் மரத்தூள் சார் ஒருமுறை பார்த்துச் சொல்ல வேண்டும்.