பழைய மார்ட்டினி ரைபிள்: காலையில் மட்டும் தோட்டா வெடிக்க மறுக்கிறது, உதவி தேவை

தோட்டத்துப் பிள்ளை, சுங்கை சிப்புட்

அனைவருக்கும் வணக்கம். மலேசியாவின் ஈப்போ வட்டாரத்தில் உள்ள ஒரு சுடும் சங்கத்தில் மூன்று ஆண்டுகளாக உறுப்பினராக இருக்கிறேன். அங்கே சங்கத்தின் உரிமத்தில் ஒரு பழைய பிஎஸ்ஏ மார்ட்டினி ரைபிள் இருக்கிறது. பாயிண்ட் 22 (குழல் விட்டம் சுமார் 0.22 அங்குலம்), ஒற்றைத் தோட்டா. லீவரைக் கீழே தள்ளினால் குழலின் பின்வாயை அடைத்திருக்கும் இரும்புக் கட்டை இறங்கும். தோட்டாவைக் கையால் வைத்து லீவரை மேலே இழுத்தால் கட்டை ஏறி மூடிக்கொள்ளும். மற்றவர்கள் புதிய ரைபிள்களைக் கேட்கும்போது நான் இதைத்தான் கேட்டு வாங்குவேன். அதைத் துடைத்துப் பராமரிக்கும் பொறுப்பையும் சங்கம் என்னிடமே கொடுத்திருக்கிறது.

இரண்டு மாதங்களாக ஒரு தொல்லை. ஞாயிறு காலை சுடத் தொடங்கியதும் முதல் பதினைந்து தோட்டாக்களில் ஆறு ஏழு வெடிப்பதில்லை. விசையை இழுத்தால் ‘டக்’ என்று மந்தமான ஓசை மட்டும் வருகிறது. ஒன்பதரை மணிக்கு மேல் அதே பெட்டித் தோட்டாக்கள் ஒன்றுகூடத் தவறாமல் வெடிக்கின்றன. வேறொரு சிக்கலும் உண்டு: சில தோட்டாக்கள் கடைசி ஒரு மயிரிழை உள்ளே போக மறுக்கின்றன, கட்டைவிரலால் அழுத்த வேண்டியிருக்கிறது. கட்டை இறங்கும் வகைத் துப்பாக்கிகளைப் பற்றித் தெரிந்தவர்கள் வழி சொல்ல வேண்டும்.

கிள்ளான் வாசி

தோட்டா ஈரம் பட்டிருக்கும். நம் ஊர் மழைக்குப் பெட்டியைத் திறந்து வைத்தால் அப்படித்தான் ஆகும். புதிய பெட்டி வாங்கிப் பாருங்கள்.

தோட்டத்துப் பிள்ளை

நன்றி அண்ணா. நேற்றே பார்த்துவிட்டேன். புதிய பெட்டியிலும் அதே கதைதான். வெடிக்காத தோட்டாக்களைப் பொறுப்பாளர் வேறொரு ரைபிளில் போட்டுச் சுட்டார், எல்லாமே வெடித்தன.

தைப்பிங் பெரியவர்

தம்பி, அப்படியானால் தோட்டாவின் மேல் குற்றமில்லை. பாயிண்ட் 22 தோட்டாவில் வெடிமருந்தைப் பற்றவைக்கும் பசை அடிப்பக்க விளிம்புக்குள்ளே சுற்றிலும் இருக்கிறது. விசையை இழுத்ததும் பாயும் அடிஊசி அந்த விளிம்பை நசுக்கினால்தான் தீப்பிடிக்கும். வெடிக்காத தோட்டாவை வெளிச்சத்தில் பிடித்து, விளிம்பில் விழுந்த பள்ளத்தை வெடித்த தோட்டாவின் வெறும் கூட்டில் உள்ள பள்ளத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

அதற்கு முன் ஒன்றை மனத்தில் வையுங்கள். ‘டக்’ என்று கேட்டவுடன் லீவரைத் திறக்காதீர்கள். குழல் இலக்கை நோக்கியபடியே முப்பது வினாடி பொறுத்திருங்கள். தாமதமாக வெடிக்கும் தோட்டாவும் உண்டு. கட்டை திறந்திருக்கும்போது அது வெடித்தால், பித்தளைத் துண்டு முகத்துக்கு நேராக வரும்.

பெயரையும் திருத்திவிடுகிறேன், பழுது பார்க்க அது உதவும். மார்ட்டினி உண்மையில் கட்டை இறங்கும் வகை இல்லை. அந்த வகையில் கட்டை, மதகுப் பலகை போல இரு பக்கக் காடிகளில் நேராகக் கீழே இறங்கும். அமெரிக்காவின் ஷார்ப்ஸ் (1848), ஸ்காட்லாந்துக்காரர் ஃபார்குவார்சன் (1872), பிரவுனிங் 1879இல் காப்புரிமை பெற்று வின்செஸ்டர் நிறுவனம் 1885 முதல் விற்றது ஆகியவை அந்தக் குடும்பம். மார்ட்டினியின் கட்டைக்குப் பின்பக்கம் கீல், முன்பக்கம் மட்டும் சாயும். பீபாடி என்ற அமெரிக்கர் 1862இல் கண்ட வழி அது. அவருடைய துப்பாக்கியில் சுத்தியல் வெளியே இருந்தது. சுவிட்சர்லாந்தில் தொழில் நடத்திய மார்ட்டினி அதை நீக்கிவிட்டு, அடிஊசியையும் சுருள் வில்லையும் கட்டைக்குள்ளேயே ஒளித்து வைத்தார். பிரிட்டிஷ் படை 1871இல் ஏற்றது அதைத்தான். உங்களுடையது அதன் சிறிய வாரிசு.

ஆகவே உங்கள் அடிஊசி ஒரு குறுகிய துளைக்குள் ஓடுகிறது. அதன் ஓட்டத்தைத் தடுக்கும் எதுவும் வெளியே கண்ணுக்குத் தெரியாது. மூன்று கேள்விகள்: என்ன எண்ணெய் போடுகிறீர்கள்? ரைபிள் இரவில் எங்கே இருக்கிறது? இந்த இரண்டு மாதத்தில் என்ன மாறியது?

தோட்டத்துப் பிள்ளை

ஐயா, பள்ளத்தைப் பார்த்தேன். வெடித்த கூட்டில் நகம் இடறுகிறது. வெடிக்காததில் வழுக்கிக்கொண்டு போகிறது.

எண்ணெய், தேங்காய் எண்ணெய்தான். என் அப்பா பால்மரம் வெட்டியவர். பிரட்டுக்கு, அதாவது காலை ஆள் கணக்கெடுப்புக்கு, போவதற்கு முன் லயத்து வாசலில் உட்கார்ந்து கத்தியைத் தீட்டி, கூந்தலுக்குத் தடவும் அதே எண்ணெயை ஒரு துணியில் நனைத்துத் துடைப்பார். முப்பது ஆண்டு அந்தக் கத்தியில் துரு ஏறியதில்லை. அந்தப் பழக்கத்தில்தான் நானும் போட்டேன். ஓராண்டாகப் போடுகிறேன், முன்பு தொல்லை இல்லை.

மாறியது ஒன்றுதான். ஈரத்துக்குப் பயந்து சங்கம் ஆயுத அறைக்குக் குளிர்சாதனம் பொருத்தியது. அது இரண்டு மாதத்துக்கு முன்புதான்.

தைப்பிங் பெரியவர்

கிடைத்துவிட்டது தம்பி. தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய 24 பாகை செல்சியசில் உறையும். நம் வீட்டில் அது எப்போதும் தண்ணீராக இருப்பதால் அது உறையும் பொருள் என்பதே நமக்கு மறந்துவிடுகிறது. அறையின் குளிரில் அடிஊசியைச் சுற்றி அது நெய்யாகக் கட்டிக்கொள்கிறது. வில்லின் விசையில் பாதி அதைத் தள்ளவே செலவாகிறது. வெயில் ஏறி இரும்பு சூடானதும் உருகி வழிவிடுகிறது. ஒன்பதரை மணிக்குப் பிறகு எல்லாம் சரியாவது அதனால்தான்.

என் சொல்லை நம்ப வேண்டாம், சோதித்துப் பாருங்கள். அதே எண்ணெயை ஒரு சிறு போத்தலில் ஊற்றி அந்த அறையில் ஓர் இரவு வைக்கச் சொல்லுங்கள். அடுத்த வாரம் ரைபிளை ஒரு மணி நேரம் முன்னதாகவே வெளியே எடுத்து வைத்துவிட்டுச் சுடுங்கள். எடுக்கும்போது உறையை உடனே திறக்காதீர்கள். குளிர்சாதன பஸ்ஸிலிருந்து இறங்கியதும் மூக்குக்கண்ணாடி பனிப்பது போல, குளிர்ந்த குழல் நம் காற்றில் வியர்க்கும். துருவுக்கு அஞ்சிக் குளிரூட்டிய அறையே துருவைக் கொண்டுவந்துவிடும்.

அப்பாவின் கத்திக்கு அந்த எண்ணெய் சரியானது, அதில் தவறே இல்லை. அதற்குள்ளே ஓடும் ஊசியும் இல்லை, வில்லும் இல்லை.

லுனாஸ் நண்பர்

இடையில் ஒரு கேள்வி. எங்கள் தோட்டத்தில் இடிக்கப்போகும் பழைய துரை பங்களாவின் பரணில் இப்படி லீவர் வைத்த துப்பாக்கி ஒன்று கிடப்பதாக வேலையாட்கள் சொல்கிறார்கள். எடுத்துத் துடைத்து வைத்துக்கொள்ளலாமா?

தைப்பிங் பெரியவர்

வேண்டாம். கையே வைக்காதீர்கள். படம் எடுக்கவும் ஏற வேண்டாம். பழையது என்பதற்காக உரிமம் வேண்டாம் என்று நினைத்துவிடாதீர்கள். 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும், அதற்கு மேல் 1971ஆம் ஆண்டு கூடுதல் தண்டனைச் சட்டமும் நம் நாட்டில் இருக்கின்றன. பிந்தையதில் பிரம்படியும் உண்டு. நிலையத்துக்கு நீங்களே தூக்கிக்கொண்டு போவதும் தவறு. நிர்வாகத்திடம் சொல்லி, போலீசாரை அந்த இடத்துக்கே வரவழையுங்கள். 1948 ஜூன் 16ஆம் தேதி சுங்கை சிப்புட் வட்டாரத்தில் தோட்ட அதிகாரிகள் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு தோட்டம்தோறும் ஆயுதங்கள் புழங்கிய காலம் ஒன்று இருந்தது. அதன் மிச்சம் எங்கேனும் இருந்தால், உள்ளே தோட்டா இருக்கிறதா என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?

லுனாஸ் நண்பர்

புரிந்தது ஐயா. இன்றே நிர்வாகியிடம் சொல்கிறேன்.

தோட்டத்துப் பிள்ளை

ஐயா, போத்தல் மெழுகாக வெளுத்திருந்தது! கவிழ்த்தால்கூட அசையவில்லை. உறையோடு ஒரு மணி நேரம் வெளியே வைத்துச் சுட்டேன், முதல் தோட்டாவிலிருந்தே ஒன்றும் தவறவில்லை. பிறகு பொறுப்பாளர் ஏற்பாட்டில் பழுது பார்ப்பவர் கட்டையைக் கழற்றினார். அடிஊசியின் கழுத்தில் பழுப்பு நிறப் பிசுக்கு, ஓராண்டு எண்ணெயும் கரியும் கலந்தது. ஊசி ஓடும் துளையைக் கழுவி உலர்த்திவிட்டு, மெல்லிய துப்பாக்கி எண்ணெய் ஒரே ஒரு சொட்டு தொட்டு வைத்தார். மறுவாரம் குளிர்ந்த ரைபிளிலேயே ஐம்பதும் வெடித்தன.

தோட்டா உள்ளே போக மறுப்பது மட்டும் அப்படியே இருக்கிறது.

தைப்பிங் பெரியவர்

அதற்கு வேறு காரணம். புதியவர்கள் தோட்டா இல்லாமலே விசையை இழுத்துப் பழகுகிறார்களா? விளிம்புக்குப் பதில் அடிஊசி, குழலில் தோட்டா உட்காரும் அறையின் வாயிலேயே கொத்தும். நாளடைவில் அங்கே பிசிறு எழும்பும். பஞ்சுக் குச்சியை வாயோரம் சுற்றிப் பாருங்கள், ஊசி விழும் இடத்தில் நூல் சிக்கினால் அதுதான். அரம் போட யாரையும் அனுமதிக்காதீர்கள். அரம் இரும்பைத் தின்றுவிடும், பிறகு விளிம்புக்குத் தாங்கல் இராது. பிசிறைப் பழைய இடத்துக்கே அழுத்திவிடத் தனிக் கருவி இருக்கிறது, பழுது பார்ப்பவருக்குத் தெரியும்.

இன்னொன்றும் கேட்கிறேன். குழலை எந்தப் பக்கமிருந்து துடைக்கிறீர்கள்? வின்செஸ்டரில் கட்டை முழுதாக இறங்குவதால் பின்னாலிருந்து கம்பியை நேராக விடலாம். மார்ட்டினியில் பின்பக்கம் மூடியிருக்கிறது. முன்வாயிலிருந்து கம்பியை விட்டால் அந்த வாய் தேய்ந்து குறி சிதறும். பின்னாலிருந்து நூல் கயிறு விட்டு முன்னால் இழுங்கள்.

தோட்டத்துப் பிள்ளை

நூல் சிக்கியது ஐயா, மேல்பக்கம் சரியாக ஊசி விழும் இடத்தில். குழலை இதுவரை முன்வாயிலிருந்துதான் துடைத்து வந்தேன், இன்றோடு நிறுத்திவிட்டேன். பழகுகிறவர்கள் வெடித்த கூட்டை உள்ளே வைத்துத்தான் விசை இழுக்க வேண்டும் என்று சங்கப் பலகையில் எழுதி ஒட்டியாகிவிட்டது. ரைபிள் சனிக்கிழமை பழுது பார்ப்பவரிடம் போகிறது.