வில்லுக்குப் பனை வைரம் அறுக்க எந்த பேண்ட் சா பிளேடு? ஒன்றரைக் கழுக்கோலில் மூன்று பிளேடு போச்சு

தக்கலைப் பட்டறை:
வணக்கம். தக்கலைக்குப் பக்கத்தில் சின்னத் தச்சுப் பட்டறை வைத்திருக்கிறேன். கதவு, ஜன்னல், கட்டில் என்று ஓடுகிற வேலைதான். என் மாமா வில்லுப்பாட்டில் குடம் அடிப்பவர். கோவில் கொடை சீசனுக்கு முன்னால் குழுவுக்குப் புதிதாக இரண்டு வில் வேண்டும், பனை வைரத்தில்தான், அதாவது பனையின் கெட்டி மரத்தில்தான் வேண்டும் என்று பிடிவாதமாகச் சொல்லிவிட்டார். இரும்பில் செய்தால் மணி சத்தம் தனியாகவும் வில் சத்தம் தனியாகவும் கேட்கிறதாம்.

மரம் கிடைத்தது. மணவாளக்குறிச்சிப் பக்கம் ஒரு பழைய ஓட்டு வீட்டைப் பிரித்தபோது வந்த பனங் கழுக்கோல்கள் (கூரையைத் தாங்கும் சாய்வுக் கட்டைகள்), 9 அடி நீளம், நாலுக்கு இரண்டு அங்குலம். எறும்பு கூடத் தொடாத மரம். வளைவுக்கு ஏற்ற மாதிரி நீளவாக்கில் அறுத்து எடுக்க வேண்டும்.

மெஷின் பேண்ட் சாதான், சக்கரத்தில் வளையமாகச் சுற்றும் பட்டை வாள். 18 அங்குலச் சக்கரம், 700 ஆர்.பி.எம். பிளேடு சாதா கார்பன் எஃகு, முக்கால் அங்குல அகலம், அங்குலத்துக்கு 4 பல். கடையில் அளவு சொன்னால் வெட்டி ஒட்டித் தருவார்களே, அதுதான். தேக்கு, அயனி எல்லாம் இதில்தான் அறுக்கிறேன், மாதக்கணக்கில் ஓடும்.

இதில் முதல் பிளேடு மூன்று அடி போனதும் புகை. வெட்டிய இடம் கரி மாதிரி கறுத்துவிட்டது. இரண்டாவது கோட்டை விட்டு கால் அங்குலம் ஒதுங்கிப் போனது. மூன்றாவது ஒட்டில் பட்டென்று அறுந்து மேல் மூடிக்குள் சுருண்டது. நல்லவேளை, கை தள்ளி இருந்தது.

ஒருவர் கார்பைடு பல் வைத்த பிளேடு வாங்கு என்கிறார். விலையைக் கேட்டுவிட்டு போனை வைத்துவிட்டேன். இன்னொருவர் இரண்டு வகை எஃகு சேர்ந்த பைமெட்டல் போதும் என்கிறார். எது நின்று உழைக்கும்?

கூடவே இன்னொன்று. அம்பெய்தல் பழகும் கல்லூரிப் பையன் ஒருவன், மூங்கில் வில்லில் ஃபைபர் கிளாஸ் பட்டை ஒட்டி அறுத்துத் தரக் கேட்கிறான். அதற்கும் இதே பிளேடு ஆகுமா?

குலசேகரம் மில்காரன்:
அண்ணே, பிளேடு வாங்கும் முன் மூன்று கேள்வி. ஒதுங்கியது எந்தப் பக்கம்? கட்டையைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டு அறுத்தால் ஒதுக்கமும் மாறுகிறதா, இல்லை எப்போதும் மெஷினின் ஒரே பக்கமா? மூன்றாவது, அந்தக் கழுக்கோலில் காந்தம் வைத்துப் பார்த்தீர்களா?

தக்கலைப் பட்டறை:
இப்போதுதான் பார்த்தேன் தம்பி. வைரம் ஒரு பக்கம், மெத்தென்ற சோறு ஒரு பக்கம் இருக்கிறதல்லவா, சோற்றுப் பக்கமாகவே ஒதுங்குகிறது. திருப்பிப் போட்டாலும் சோற்றுப் பக்கம்தான் தேடிப் போகிறது. காந்தம் வெட்கக்கேடு. ஒரே கழுக்கோலில் இரண்டு ஆணித் துண்டு. ஓடு தாங்கும் பட்டியல் கட்டையை அடித்த ஆணி போல, தலை உடைந்து உள்ளே நிற்கிறது. மேலே ஒன்றும் தெரியவில்லை.

குலசேகரம் மில்காரன்:
அப்போ பாதி விடை கிடைத்தாச்சு.

திருப்பிப் போட்டும் மெஷினின் ஒரே பக்கமாகவே ஒதுங்கியிருந்தால் பிளேடின் ஒரு பக்கப் பல் மழுங்கியிருக்கிறது, அல்லது வழிகாட்டி சரியில்லை என்று அர்த்தம். உங்களுக்குச் சோற்றுப் பக்கம் தேடிப் போகிறது என்றால் குற்றம் மரத்தின் அமைப்பில். தேக்கில் வைரம் நடுவில், பனையில் வைரம் வெளியில். வெளியே கல், உள்ளே பஞ்சு. பிளேடும் நம்மைப் போலத்தான், லேசான வழி இருந்தால் அங்கே போய்விடும். அறுக்கும் முன்பே வாச்சியால் சோற்றைச் செத்தி எறிந்துவிடுங்கள். இரண்டு பக்கமும் ஒரே கடினம் இருந்தால் பிளேடு நேராகப் போகும்.

மழுங்குவதற்குக் காரணம் வேறு. பனை நாரை ஒட்டிப் பொடிப்பொடியாகச் சிலிக்கா இருக்கிறது, மணலில் இருக்கிற அதே பொருள். மூங்கிலிலும் உண்டு. கண்ணுக்குத் தெரியாது, ஆனால் பல் நுனியை அரம் போட்ட மாதிரி தேய்த்துவிடும். நுனி தேய்ந்ததும் பல் வெட்டாது, உரசும். உரசினால் சூடு. கார்பன் எஃகுப் பல் 200 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலே பதம், அதாவது அதன் கடினம், இறங்கத் தொடங்கும். பதம் இறங்கிய பல் இன்னும் சீக்கிரம் தேயும். மூன்று அடியில் புகை வந்தது இதனால்தான்.

பைமெட்டலில் முதுகு வளையும் ஸ்பிரிங் எஃகு, பல் நுனி மட்டும் ஹைஸ்பீடு எஃகு. எம்42 என்று கேட்டு வாங்குங்கள், அதில் 8 சதவீதம் கோபால்ட் இருக்கும். 500 டிகிரி தாண்டியும் பதம் நிற்கும். தெரியாமல் ஓர் ஆணி பட்டால் இரண்டு பல் போகும், மீதியை வைத்து ஓட்டலாம். கார்பைடு இதைவிடக் கடினம், சிலிக்காவுக்கு அதுதான் ராஜா. ஆனால் கடினமான பொருள் நொறுங்கும். உங்கள் கழுக்கோலில் இன்னும் ஓர் ஆணி ஒளிந்திருந்தால் அத்தனை பணமும் ஒரு நொடியில் போச்சு. கார்பைடுக்குப் பிளேடை விறைப்பாக இழுத்துக் கட்டவும் வேண்டும், சின்ன மெஷின் சட்டம் அதைத் தாங்காது. பழைய மரத்துக்குப் பைமெட்டல், ஆணியில்லாத புது மரத்துக்கும் பெரிய மெஷினுக்கும் கார்பைடு. நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

பல் அங்குலத்துக்கு 3, கொக்கிப் பல். நெருக்கமான பல் வாங்காதீர்கள். பனை நார் நீளநீளமாக வரும், பல் இடுக்கில் திணிந்து அடைத்துக்கொள்ளும். கட்டையின் கனத்துக்குள் எப்போதும் மூன்று பல்லாவது நிற்க வேண்டும் என்பது கணக்கு. இரண்டு அங்குலத்துக்கு ஆறு நிற்கும், தாராளம்.

இன்னொன்று, வேகம். உங்கள் சக்கரம் 700 சுற்றில் நிமிடத்துக்குச் சுமார் 1,005 மீட்டர் ஓடுகிறது. கதவு மரத்துக்குச் சரி. மோட்டார் கப்பியைச் சின்னதாக்கி 450 சுற்றுக்கு இறக்கினால் சுமார் 645 மீட்டர் வரும். சூடு குறையும், பல் பிழைக்கும்.

நாகர்கோவில் ஒட்டுக்கடை:
மூன்றாவது பிளேடு ஒட்டில் அறுந்ததற்கு என் பங்கு. பிளேடை வெல்டு செய்ததும் அந்த இடம் கண்ணாடி மாதிரி விறைத்துவிடும். மறுபடி மெதுவாகச் சூடாக்கி, மெதுவாக ஆறவிட்டுப் பதம் இறக்க வேண்டும். அவசரத்தில் அதை விட்டால் நாலு சுற்றில் விரிசல். வாங்கும்போது ஒட்டை இரண்டு கையாலும் பிடித்து வளைத்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரே வட்டமாக வளைந்தால் நல்லது. ஒட்டு மட்டும் தட்டையாக நின்றால் கடையிலேயே திருப்பிக் கொடுங்கள்.

பைமெட்டலில் கனமும் பாருங்கள். 19 மி.மீ. அகலம் 0.9 கனத்தில் வரும், 18 அங்குலச் சக்கரத்துக்கு அது விளிம்பில்தான் நிற்கும். சுற்றிச் சுற்றி வளைந்து முதுகில் விரிசல் விழும். 13 மி.மீ. அகலம், 0.65 கனம் என்றால் நிம்மதி. வில் வளைவு லேசான வளைவு, 13 தாராளமாகத் திரும்பும். ராத்திரி கடை அடைக்கும்போது விறைப்பைத் தளர்த்திவிட்டுப் போங்கள். நம்ம ஊர் ஈரத்துக்குத் துளி எண்ணெயும் தடவலாம்.

கல்லுக்கூட்டம் வாசி:
எல்லோரும் மரத்துக்குள்ளே பார்க்கிறீர்கள், மேலே பாருங்கள். மணவாளக்குறிச்சி வீடு என்றீர்களே. அந்தக் கரை மணலில் இல்மனைட், சிர்கான், கார்னெட் எல்லாம் கலந்து கிடக்கிறது, அங்கே மணல் ஆலையே இருக்கிறது. கார்னெட் என்பது உப்புத்தாளில் ஒட்டுகிற பொருள். காற்றில் பறந்து ஓட்டுக்கடியில் எத்தனை வருடம் படிந்ததோ! கழுக்கோலின் வெடிப்பில் ஊசியால் கிளறிப் பாருங்கள், கறுப்பும் சிவப்புமாக மணல் கொட்டும். எங்கள் வீட்டு உத்திரத்தை அறுத்தபோது பட்ட அனுபவம்.

தோவாளை வில்:
அறுக்கிற வாள் எதற்குப் பிள்ளைகளா? பனையைப் பிளக்க வேண்டும். கோடாலியால் தலைமாட்டில் வெட்டி, ஆப்பு வைத்து அடித்தால் நாரோடு நாராகப் பிளந்து வரும். வாள் நாரைக் குறுக்கே வெட்டும். நாண் கட்டி வளைக்கும்போது அந்த இடத்தில்தான் சிலாம்பு எழும்பும். வீசுகோல் அடிக்கிற கையில் குத்தினால் பாட்டு நின்றுவிடும். அந்தக் காலத்தில் கூந்தல் பனை வைரத்திலும் செய்தோம், பேண்ட் சாவா இருந்தது?

குலசேகரம் மில்காரன்:
பெரியவர் சொல்வது நியாயம்தான். இரண்டையும் சேர்க்கலாம். முதலில் பிளந்து பாருங்கள், நார் போகிற பாதை தெரியும். அந்தப் பாதையைக் கோடு போட்டு, கோட்டுக்கு வெளியே கால் அங்குலம் விட்டு அறுங்கள். மீதியை இழைப்புளியும் அரமும் பார்த்துக்கொள்ளும். ஆனால் மரத்தை வீணாக்காமல் பிளக்க அனுபவக் கை வேண்டும் பெரியப்பா. பனை இப்போது சும்மா கிடைக்கிற மரம் இல்லை. வெட்ட கலெக்டர் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் பட்ஜெட்டிலேயே சொல்லிவிட்டார்கள்.

ஃபைபர் கிளாஸ் பற்றி யாரும் சொல்லவில்லை. அதைப் பல் உள்ள நல்ல பிளேடில் அறுக்கவே வேண்டாம், கண்ணாடி நூல் கார்பன் பல்லை ஒரே வில்லில் மொட்டையாக்கும். பல்லே இல்லாமல், விளிம்பில் கார்பைடு துகள் பதித்த பிளேடு தனியாக வருகிறது. மெதுவாக அறுக்கும், ஆனால் விளிம்பு சிதறாது. அது வாங்க மனமில்லை என்றால் தூக்கிப் போட வைத்திருக்கும் பழைய பிளேடை அதற்கு ஒதுக்குங்கள். மாஸ்க் இல்லாமல் தொடாதீர்கள், அந்தத் தூசி நெஞ்சில் தங்கும்.

தக்கலைப் பட்டறை:
இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும்.

கல்லுக்கூட்டத்துக்காரர் சொன்னது அப்படியே சரி. ஒரு கழுக்கோல் வெடிப்பைக் கிளறியதில் ஒரு டம்ளர் மணல் வந்தது. கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, தண்ணீர் அடித்துக் கழுவி, நாலு நாள் நிழலில் காயவிட்டேன். காந்தத்தில் மொத்தம் ஏழு ஆணி. ஒன்றை எடுக்க முடியவில்லை, அந்தத் துண்டையே வெட்டி எறிந்தேன்.

பிளேடு எம்42 பைமெட்டல், 13 மி.மீ., 3 பல். கப்பி மாற்றினேன். பெரியவர் சொன்னபடி ஒரு கழுக்கோலைப் பிளக்கப் பார்த்தேன், பாதியில் ஆப்பு தடம் மாறி விறகாகிவிட்டது. மற்ற இரண்டையும் சோறு செத்தி அறுத்தேன். புகை இல்லை, ஒதுக்கமும் இல்லை. இரண்டு வில்லும் முடிந்தது. பிளேடு இன்னும் மெஷினில்தான் இருக்கிறது, முன்னைவிடக் கொஞ்சம் அழுத்தித் தள்ள வேண்டியிருக்கிறது.

பையனிடம் ஃபைபர் கிளாஸ் வேலை இப்போது வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

ஒரு சந்தேகம் பாக்கி. இந்தப் பைமெட்டலைச் சாணை பிடித்து மறுபடி ஓட்டலாமா?

நாகர்கோவில் ஒட்டுக்கடை:
மெல்லிய கல்லில், தண்ணீர் விட்டுக்கொண்டே, பல்லின் முகத்தில் மட்டும் இரண்டு தடவை பிடிக்கலாம். பல் நுனியில் அந்த நல்ல எஃகு கொஞ்சம்தான் இருக்கிறது, அதைத் தாண்டினால் சாதா ஸ்பிரிங்தான். உங்கள் பக்கம் வரும்போது பிளேடைக் கொண்டு வாருங்கள், ஒட்டையும் பார்த்துவிடுகிறேன்.

தோவாளை வில்:
ஆப்பை வைரத்துப் பக்கம் வைத்தாயா, சோற்றுப் பக்கம் வைத்தாயா?

தக்கலைப் பட்டறை:
சோற்றுப் பக்கம் ஐயா.

தோவாளை வில்:
அதான்.