தெர்மல் திராட்லிங்: ‘வெப்ப மட்டுப்பாடு’ எனலாமா?

அன்புடையீர், வணக்கம்.

கணினியின் மையச் சில்லான செயலி அளவுமீறிச் சூடாகும்போது தன் வேலையைத் தானே குறைத்துக்கொள்வதை ஆங்கிலத்தில் ‘தெர்மல் திராட்லிங்’ என்பர். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் இவ்விழையில் ‘வெப்ப நெரிப்பு’, ‘வெப்பத் தணிப்பு’, ‘வேகக் குறைப்பு’ ஆகியவை பரிந்துரைக்கப்பட்டன. இவற்றுள் ‘வெப்ப நெரிப்பு’ ஏற்கத்தக்கதன்று. குரல்வளையை நெரிப்பதற்கும் ஒரு சில்லு எரிந்துபோகாமல் தன்னைக் காத்துக்கொள்வதற்கும் என்ன தொடர்பு? ‘வெப்பத் தணிப்பு’ நல்ல சொல்தான். ஆனால் அது மின்விசிறியும் வெப்பப் பசையும் செய்யும் வேலைக்கு உரியது. அவை போதாமல் போகும்போதுதான் நாம் பேசும் செயலே தொடங்குகிறது.

‘வேகக் குறைப்பு’ என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். வேலையின்றிச் சும்மா இருக்கும் மடிக்கணினியும் மின்கலத்தை மிச்சப்படுத்த வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. அதற்கும் சூட்டுக்கும் தொடர்பில்லை. மேலும், 2000ஆம் ஆண்டு வெளிவந்த இன்டெல் நிறுவனத்தின் பென்டியம் 4 செயலி சூடேறியபோது கடிகார அதிர்வெண்ணை, அதாவது நொடிக்கு எத்தனை துடிப்புகள் என்பதை, மாற்றவில்லை. துடிப்புகளை இடையிடையே நிறுத்தி, செயலியைச் சிறுசிறு இடைவெளிகளில் சும்மா இருக்க வைத்தது. அதிர்வெண்ணையும் மின்னழுத்தத்தையும் சேர்த்துக் குறைக்கும் முறை இன்டெல் செயலிகளில் பின்னரே வந்தது. செயலி இயங்கும்போது செலவாகும் ஆற்றல் அதிர்வெண்ணோடு நேர்விகிதத்திலும் மின்னழுத்தத்தின் இருமடியோடும் (வர்க்கத்தோடும்) உயர்வதால், இரண்டையும் பத்து விழுக்காடு குறைத்தாலே அந்தச் செலவு ஏறத்தாழ 27 விழுக்காடு குறைந்துவிடும். முறை எதுவாயினும் பெயர் ஒன்றே என்பதால், வழிமுறையைச் சொல்லாமல் விளைவைச் சொல்லும் சொல்லே நமக்கு வேண்டும்.

எனவே ‘வெப்ப மட்டுப்பாடு’ என்பதை முன்மொழிகிறேன். ‘செயலி மட்டுப்பட்டது’ என்று தன்வினையிலும், ‘வெப்பம் செயலியை மட்டுப்படுத்தியது’ என்று பிறவினையிலும் இயல்பாக வரும். காய்ச்சல் மட்டுப்பட்டது என்று வீட்டில் சொல்வதுதானே. ‘மட்டுறுத்தல்’ என்பதோடு குழம்பும் என்று ஒருவர் ஐயம் எழுப்பக்கூடும். அது குழுமங்களில் மடல்களைச் சரிபார்த்து விடும் பணிக்கு நிலைத்துவிட்டது. இரண்டும் ஒரே வரியில் சந்திக்க வாய்ப்பு அரிது.

இச்சொல்லுக்கான உண்மையான சோதனை ‘ராசுபெரி பை’ என்னும் சிறிய ஒற்றைப் பலகைக் கணினியில் இருக்கிறது. அதன் நிலையறியும் கட்டளை நான்கு செய்திகளைத் தனித்தனியே தருகிறது. வந்துசேரும் மின்னழுத்தம் ஏறத்தாழ 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கியது ஒன்று, அதிர்வெண்ணுக்கு உச்சவரம்பு விதிக்கப்பட்டது ஒன்று, திராட்லிங் ஒன்று, மென் வெப்ப வரம்பு (வேகத்தைச் சற்றே குறைக்கத் தொடங்கும் முதற்கட்ட வெப்பநிலை) எட்டப்பட்டது ஒன்று. அதன் 3பி+ என்ற வகைப் பலகையில் அந்த மென் வரம்பு 60 பாகை செல்சியசு. அதை எட்டியதும் அதிர்வெண் 1.4 கிகாஹெர்ட்சிலிருந்து 1.2 ஆகக் குறைகிறது. மலிவான மின்னேற்றி போதிய மின்னழுத்தம் தராததால் பலகை மெதுவானதை அறியாமல் பயனர் வெப்பத் தணிப்பி வாங்கி ஒட்டுவது அடிக்கடி நடக்கிறது. நான்கையும் ‘வேகக் குறைப்பு’ என்று பெயர்த்தால் அந்தப் பிழையை நாமே வளர்ப்போம். ஆகவே அவற்றை முறையே மின்னழுத்தக் குறைவு, அதிர்வெண் உச்சவரம்பு, மட்டுப்பாடு, மென் வெப்ப வரம்பு எனலாம். காரணத்தைச் சொல்ல வேண்டிய இடத்தில் மட்டும் ‘வெப்ப’ என்ற அடையைச் சேர்த்தால் போதும்.

மட்டுப்படுத்தியும் சூடு தணியாமல் செயலி திடீரென அணைந்துவிடுவதை இதனோடு சேர்க்கக் கூடாது. மட்டுப்பட்ட கணினி மெதுவாகவேனும் வேலையை முடிக்கும். அணைந்த கணினியில் சேமிக்காத கோப்பு போய்விடும். அதற்கு ‘வெப்ப அணைப்பு’ எனத் தனிச்சொல் வைக்கலாம் என்பது என் கருத்து. ‘வெப்ப முறிவு’ என்றால் சில்லே பழுதானதாகப் பொருள்படும்.