கிளிப்பர்ஸ் அணி விற்கப்பட்டதா, பறிக்கப்பட்டதா?

செழியன்
லாஸ் ஏஞ்சலஸ் கிளிப்பர்ஸ் கூடைப்பந்து அணி 2014-ல் கை மாறிய கதையை எல்லோரும் "இனவெறி பிடித்த முதலாளியைத் துரத்திவிட்டார்கள்" என்ற ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அந்த முதலாளி டொனால்ட் ஸ்டெர்லிங்குக்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை. கறுப்பினத்தவரைத் தன் அணியின் ஆட்டங்களுக்கு அழைத்து வராதே என்று தோழியிடம் அவர் சொன்ன ஒலிப்பதிவு ஏப்ரலில் வெளியானது. அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவின் ஆணையர் ஆடம் சில்வர் ஆயுள் தடையும் 25 லட்சம் டாலர் அபராதமும் போட்டார். அதுவரை சரி.

அப்புறம் நடந்த விற்பனைதான் உறுத்துகிறது. அணி இருந்தது குடும்ப டிரஸ்டில். கணவன், மனைவி இருவரும் டிரஸ்டிகள், அதாவது அதை நிர்வகிப்பவர்கள். மனைவி ஷெல்லி இரண்டு டாக்டர்களிடம் சான்று வாங்கி, கணவருக்கு நிர்வாகம் பார்க்கும் மனத்திறன் போய்விட்டது என்று அவரை இறக்கிவிட்டு, மே மாதக் கடைசியில் தனியாகக் கையெழுத்துப் போட்டு மைக்ரோசாஃப்டின் முன்னாள் தலைவர் ஸ்டீவ் பால்மருக்கு விற்றுவிட்டார். இதை விற்பனை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

யாழினி
அந்த டாக்டர் சான்று ஷெல்லி கண்டுபிடித்த குறுக்குவழி இல்லையே. இரண்டு மருத்துவர்கள் ஒரு டிரஸ்டிக்குத் திறனில்லை என்று எழுதிக் கொடுத்தால் அவர் விலக வேண்டும் என்பது டிரஸ்ட் பத்திரத்திலேயே இருந்த நிபந்தனை. டொனால்டே வக்கீல். தான் கையெழுத்துப் போட்ட பத்திரத்தில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாதா?

அதோடு, மே 22-ல் ஷெல்லி பேரம் பேசலாம் என்று அவரே கடிதம் கொடுத்தார். 200 கோடி டாலர் கையெழுத்தான பிறகுதான் "விற்க மாட்டேன்" என்று திரும்பினார். அதனால்தான் விற்கும் அதிகாரம் தனக்கு உண்டு என்று உறுதிசெய்யக் கேட்டு ஷெல்லி கோர்ட்டுக்குப் போனார்.

பாரி
1981-ல் 1 கோடியே 25 லட்சம் டாலருக்கு வாங்கியது. 33 வருஷத்தில் 160 மடங்கு. இப்படி என் சொத்தையும் யாராவது பறிக்க மாட்டார்களா என்று இருக்கிறது.

செழியன்
பாரி, விலை நன்றாக இருந்தால் சம்மதம் தேவையில்லையா?

மருதன்
நான் மருத்துவப் பக்கமிருந்து பேசுகிறேன். பரிசோதனை நடந்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை. 100-லிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டே வரச் சொல்வது, ஒரு ஆங்கிலச் சொல்லைப் பின்னாலிருந்து எழுத்துக்கூட்டச் சொல்வது, இதெல்லாம் உலகம் முழுக்க இருக்கும் சோதனைகள்தான். 80 வயதுக்காரர் தடுமாறினார். ஸ்கேனும் எடுத்தார்கள். ஆனால் வீட்டில் வைத்துப் பரிசோதித்த டாக்டர், அது முடிந்ததும் கணவன் மனைவியோடு ஹோட்டலுக்குச் சாப்பிடப் போயிருக்கிறார். கோர்ட்டில் டொனால்டின் வக்கீல்கள் இதைப் பிடித்துக்கொண்டதில் ஆச்சரியமே இல்லை. இவ்வளவு பெரிய சொத்து அந்தச் சான்றின் மேல் நிற்கும்போது, இப்படியா நடந்துகொள்வது?

யாழினி
சாப்பிடப் போனது அழகில்லைதான். அதனால் சோதனையின் முடிவு மாறிவிடுமா? நோயாளியின் ரகசியம் மீறப்பட்டது என்ற வாதத்தையும் நீதிபதி மைக்கேல் லெவனாஸ் கேட்டார், தள்ளினார். சாட்சிகளை நேரில் பார்த்தவர் அவர். ஷெல்லியின் பேச்சில் நம்பகம் இருந்தது, டொனால்டிடம் இல்லை என்றார். கோர்ட்டில் எல்லோர் முன்னாலும் பெண்டாட்டியைப் "பன்றி" என்று திட்டினால் எந்த நீதிபதிக்குத்தான் நம்பிக்கை வரும்?

செழியன்
திட்டியது அசிங்கம். ஆனால் அசிங்கமாகப் பேசுபவனுக்கும் சொத்துரிமை உண்டு. முக்கியமான விஷயத்துக்கு வாருங்கள். ஜூன் 9-ல் டொனால்ட் டிரஸ்டையே ரத்து செய்தார். அதற்கு அவருக்கு அதிகாரம் இருந்தது, யாரும் மறுக்கவில்லை. டிரஸ்டே இல்லை என்றால் டிரஸ்டி எங்கிருந்து வந்து விற்பார்?

யாழினி
டிரஸ்ட் ரத்தானால் டிரஸ்டி மறுநாளே பையைத் தூக்கிக்கொண்டு போய்விட முடியாது. கணக்கு வழக்கை முடித்து, கடனை அடைத்து, ஏற்கெனவே செய்த ஒப்பந்தத்தை நிறைவேற்றும் அதிகாரம் அவரிடம் மிச்சமிருக்கும். பால்மர் ஒப்பந்தம் ரத்துக்கு முன்பே கையெழுத்தானது. டிரஸ்டின் மேல் சுமார் 50 கோடி டாலர் வங்கிக் கடனும் இருந்தது. ரத்து செய்ததால் வங்கிகள் அதைத் திருப்பிக் கேட்கலாம் என்ற நிலை. வேறு சொத்துகளை அவசரத்தில் விற்றுக் கடனை அடைப்பதா, வந்த 200 கோடியை வாங்குவதா? அடுத்த பெரிய விலையே 160 கோடிதான். அதே வருஷம் இன்னொரு என்பிஏ அணியான மில்வாக்கி பக்ஸ் 55 கோடிக்கு விற்றது என்பதையும் பாருங்கள்.

மருதன்
மறுபக்கத்தையும் சொல்லுங்கள். ஜூன் 3-ல் மற்ற என்பிஏ அணிகளின் உரிமையாளர்கள் கூடி, நான்கில் மூன்று பங்கு வாக்கில் டொனால்டின் உரிமையைப் பறிக்கத் தேதி குறித்திருந்தார்கள். கழுத்தில் கத்தியை வைத்துக்கொண்டு நடந்த பேரம் இது. லீக் எல்லோரிடமும் இப்படிக் கறாராக இருந்ததா? சியாட்டில் சூப்பர்சானிக்ஸ் என்ற என்பிஏ அணியை 2006-ல் 35 கோடிக்கு வாங்கிய கூட்டத்தில் ஒருவர், அணியை அங்கேயே வைத்திருக்க வாங்கவில்லை என்று வெளிப்படையாகவே சொன்னார். அவருக்கு 2.5 லட்சம் டாலர் அபராதம், அவ்வளவுதான். 2008-ல் அணி ஓக்லஹோமா சிட்டிக்குப் போயே விட்டது.

யாழினி
சியாட்டிலில் நகராட்சி வழக்குப் போட்டது அரங்க வாடகை ஒப்பந்தத்துக்காக. 4.5 கோடி டாலர் வாங்கிக்கொண்டு சமரசம் செய்ததும் நகராட்சியேதான். அணியை விற்ற ஹோவர்ட் ஷுல்ட்ஸ், ஏமாற்றிவிட்டார்கள், விற்பனையை ரத்து செய்யுங்கள் என்று தனியாக வழக்குப் போட்டார். சில மாதத்தில் அவரே கைவிட்டார். இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டாதீர்கள்.

பாரி
எனக்குப் பிடித்த பகுதியை யாரும் சொல்லவில்லையே. டொனால்ட் என்பிஏ மேல் 100 கோடி டாலர் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டார் இல்லையா? லீக் மேல் யார் வழக்குப் போட்டாலும், டொனால்டே போட்டாலும், செலவை டிரஸ்ட் ஏற்கும் என்று ஷெல்லி ஏற்கெனவே எழுதிக் கொடுத்திருந்தார். ஜெயித்தால் தன் பணம் தனக்கே. போதாக்குறைக்கு அணி கோப்பை வென்றால் ஷெல்லிக்கு, வெல்லும் அணிக்குத் தரும் மோதிரத்தில் மூன்று என்று ஒப்பந்தத்தில் வேறு எழுதி வாங்கினார். அதுவரை கோப்பையே வெல்லாத கிளிப்பர்ஸை நன்றாகத் தெரிந்தவர் என்பதால் பால்மர் தைரியமாகச் சம்மதித்திருப்பார்.

செழியன்
சிரித்துவிட்டேன், ஆனால் விடப்போவதில்லை. ஜூலை 28-ல் லெவனாஸ் தீர்ப்பு. மேல்முறையீடு நிலுவையில் இருந்தாலும் விற்கலாம் என்று கலிஃபோர்னியா புரோபேட் சட்டத்தின் (உயில், டிரஸ்ட் சொத்துகள் பற்றிய சட்டம்) 1310(பி) பிரிவில் உத்தரவு. ஆகஸ்ட் 12-ல் விற்பனை முடிந்தது. பதினைந்தே நாள்! அந்தப் பிரிவு என்ன சொல்கிறது தெரியுமா? மேல்முறையீட்டில் என்ன முடிவு வந்தாலும் விற்பனை செல்லும். அப்படியானால் அந்த மேல்முறையீடு எதற்கு?

யாழினி
சொத்துக்கு நஷ்டம் வராமல் தடுக்க, அரிதாகப் பயன்படுத்தும் பிரிவு அது. இங்கே நஷ்டம் கற்பனை இல்லை. டொனால்ட் தொடர்ந்தால் பயிற்சியாளர் டாக் ரிவர்ஸ் விலகக்கூடும், வீரர்களும் விளம்பரதாரர்களும் பின்னாலேயே போவார்கள் என்று இடைக்காலத் தலைவர் டிக் பார்சன்ஸ் சாட்சி சொன்னார். 2015 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் லெவனாஸ் பக்கமே நின்றது.

செழியன்
ஒன்றேகால் வருஷம் கழித்து. அதற்குள் பால்மர் ஒரு சீசன் முழுக்க முதல் வரிசையில் உட்கார்ந்து கத்திவிட்டார். நீங்கள் சொல்லும் நஷ்டம் வரலாம் என்ற சாட்சியம்தான், வந்த நஷ்டம் இல்லை. அவரே கிளப்பிய நெருப்பு என்பீர்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் 1310(பி)-யை இந்த அளவு சொத்தில் பயன்படுத்துமுன் மேல்நீதிமன்றம் ஒருமுறை பார்த்திருக்க வேண்டும்.

யாழினி
பார்க்கும்வரை பால்மர் காத்திருப்பார் என்று யார் உறுதி கொடுத்தது? ஒப்பந்தத்துக்குக் கெடு இருந்தது. அவர் போயிருந்தால் 160 கோடிக்கு இறங்கியிருப்பீர்கள், அதில் பாதி நஷ்டம் ஷெல்லியுடையது. அந்த அம்மாவின் சொத்துரிமையைப் பற்றி இதுவரை நீங்கள் ஒரு வார்த்தை பேசவில்லை.