மண்டை ஓட்டு ஆபரேஷனுக்குக் காத்திருக்கும் பெற்றோருக்கு: வார்டில் பார்த்தவை

சில குழந்தைகளுக்கு மண்டை ஓட்டு எலும்புகளுக்கு நடுவிலுள்ள இணைப்பு முன்கூட்டியே ஒட்டி மூடிக்கொள்ளும், தலையின் வடிவம் மாறும். அதைத் திருத்தும் ஆபரேஷனைப் பற்றித்தான் இது. ஒரு குழந்தைக்கு நெற்றி எலும்பைத் திருத்தியமைத்த மறுநாள் காலை. முந்தின நாள் சாயங்காலம் அம்மா முகத்தைப் பார்த்துக் கை நீட்டிய குழந்தைக்கு இரண்டு இமையும் உப்பி, திறப்பே தெரியாமல் ஒட்டியிருந்தது. "பார்வை போயிடுச்சா சிஸ்டர்?" என்று கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்த அம்மா கேட்டது இன்னும் மனசை அறுக்கிறது. இப்படி வீங்கும் என்று அவரிடம் யாருமே சொல்லி வைக்கவில்லை.

காதிலிருந்து காதுவரை வளைத்து வளைத்துக் கீறி, தோலை முன்பக்கம் மடித்துவிட்டுத்தான் எலும்பை எடுப்பார்கள். அங்கே சேரும் நீர் கீழே இறங்கி இமையில் தங்கும். 48 முதல் 72 மணி நேரத்துக்குள் வீக்கம் உச்சத்துக்குப் போகும், அப்புறம் வடியும். கண் தெரியாத நேரத்தில் திடீரென்று தொட்டால் குழந்தை பதறும். முதலில் குரல் கொடுங்கள், பிறகு தொடுங்கள். சத்தம் வருகிற, பழகிய பொம்மை ஒன்றைக் கட்டாயம் எடுத்துப்போங்கள். தலைவழியாக மாட்டும் சட்டை வேண்டாம், முன்பக்கம் பொத்தான் வைத்ததுதான் வசதி.

* * *

மேலே சொன்னதை எல்லாக் குழந்தைக்கும் பொருத்திவிடாதீர்கள். உச்சி நடுவில் நீளவாக்கில் ஓடும் இணைப்பு மட்டும் மூடியிருந்து, மூன்று நான்கு மாதத்திலேயே எண்டோஸ்கோப் (கேமரா பொருத்திய மெல்லிய குழாய்) வழியாகச் செய்தால் கீறல் சிறியது, வீக்கமும் குறைவு. ஆனால் அதோடு முடியாது. பிறகு பல மாதம் தலை வடிவத்தைச் சீராக்கும் ஹெல்மெட், நாளுக்கு 23 மணி நேரம். கழற்றும் அந்த ஒரு மணி நேரத்தில் தோலைப் பாருங்கள். சிவந்த தடம் அதற்குள் மறையாவிட்டால் ஹெல்மெட் அழுத்துகிறது, திருத்தச் சொல்ல வேண்டும்.

"ஹெல்மெட் மட்டும் போட்டால் போதாதா" என்று ஒரு அப்பா கேட்டுக்கொண்டே இருந்தார். ஒரே பக்கம் படுத்துத் தட்டையான தலைக்கு அது உதவலாம். அந்தத் தலையை மேலிருந்து பார்த்தால் தட்டையான பக்கத்துக் காது முன்னால் தள்ளியிருக்கும். எலும்பு ஒட்டிப்போன இணைப்பை எந்த ஹெல்மெட்டும் பிரிக்காது.

* * *

ஹெல்மெட் பேச்சு இருக்கட்டும், ஆபரேஷன் அன்று காலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். விடியற்காலையில் குழந்தை அழுகிறதே என்று பாட்டி இரண்டு ஸ்பூன் பவுடர் பால் புகட்டிவிட்டார். அன்றைக்கு ஆபரேஷன் தள்ளிப்போனது. மயக்கத்தில் பால் மேலேறி நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. மயக்கம் கொடுப்பதற்கு எவ்வளவு முன்பே நிறுத்த வேண்டும் என்றால், பொதுவாக பவுடர் பாலுக்கு 6 மணி நேரம், தாய்ப்பாலுக்கு 4, தண்ணீருக்கு 2. சில இடங்களில் தண்ணீருக்கு 1 என்பார்கள். உங்கள் மயக்க மருத்துவர் சொல்லும் கணக்கே கணக்கு. வீட்டில் எல்லோருக்கும் தெரிய எழுதி ஒட்டுங்கள்.

இரத்தம் ஏற்ற வேண்டும் என்றதும் பலர் ஏதோ தவறாகிவிட்டதென்று நினைக்கிறார்கள். கைக்குழந்தையின் உடம்பில் கிலோவுக்குச் சுமார் 80 மில்லிதான் இரத்தம். 7 கிலோ என்றால் 560 மில்லி. பெரியவர்களுக்கு 150 மில்லி இழப்பு ஒன்றுமே இல்லை, இந்தக் குழந்தைக்கோ அது கால்பங்குக்கு மேல். உச்சந்தலைத் தோலும் அதிகம் கசியும். அதனால்தான் பொருத்தம் பார்த்த இரத்தத்தை முதலிலேயே தயாராக வைப்பார்கள், கசிவைக் குறைக்க டிரானெக்சாமிக் அமிலமும் கொடுப்பார்கள். சில வாரம் முன்பே ஹீமோகுளோபின் பார்த்துவிட்டால், குறைந்திருந்தால் இரும்புச்சத்து கொடுத்து ஏற்ற அவகாசம் இருக்கும். சளி, இருமல் இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். குழந்தையின் மூச்சுக்குழல் சளி விட்ட பிறகும் சில வாரம் மயக்கத்தில் சட்டென்று இறுகக்கூடும்.

* * *

வீட்டுக்கு வந்த பிறகு கவனிக்க வேண்டியதையும் சேர்த்துவிடுகிறேன். முதல் ஓரிரு நாள் ஆஸ்பத்திரியிலேயே லேசான காய்ச்சல் வருவது சகஜம். வீட்டில் வந்தால் அப்படி விடக்கூடாது. காயத்திலிருந்து தண்ணீர்போலக் கசிந்தாலும், நேராக உட்கார வைத்தும் உச்சிக்குழி புடைத்தே நின்றாலும், வாந்தியோடு எழுப்ப முடியாத தூக்கம் இருந்தாலும் மறுநாள் ஓ.பி.க்குக் காத்திருக்காமல் உடனே கிளம்புங்கள்.